வராத காக்கையை விரட்டியவன்

பொழுது விடிந்தால் விருத்தாசலம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். கடை, பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் அந்திக்குப் பிறகுதான். பகலில் வெளியே போக அனுமதி வேண்டும். வாசலில் நிற்கும் மேனிக்காவலன் என்ற இயந்திரம் உச்சி முதல் உள்ளங்கால் வரை நிழற்பூச்சு அடித்த பிறகுதான் கதவு திறக்கும். பூச்சில்லாமல் போய் வெயிலில் வெந்து வந்தவனை இரண்டு வாரம் நிழல்மனையில் அடைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் பூவராகன் வாசல் இயந்திரத்தின் கண்ணில் படாமல், பூச்சும் இல்லாமல், தண்ணீர்த்தொட்டிப் பக்கமாக மொட்டைமாடிக்கு ஏறினான். என்ன செய்வான் பாவம்! மனைவி தையல்நாயகி ஐந்து மாதக் கர்ப்பம். எதைத் தின்றாலும் வாந்தி. வெயிலில் காய்ந்த வடாம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மின்னுலர்த்தியில் காய்ந்த வடாமைக் காகிதம் என்று துப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, இவளோ துரும்பாக இளைத்திருந்தாள்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டவன் கையை மறந்துவிட்டான். வடாம் போட்டால் காக்கை விரட்ட வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான். காக்கைகளும் பகலில் தூங்கப் பழகிவிட்ட சங்கதி அந்த மகானுபாவனுக்கு எப்படித் தெரியும்? வராத காக்கைக்கு வலது கையை வீசி வீசி, "சூ! சூ!" என்று கத்திக்கொண்டே நின்றான். இந்தக் காலத்து வெயிலில் அரைப்பகலுக்குள் வடாம் சுக்காகக் காய்ந்துவிட்டது. கையும்தான்.

"ஐயோ, அனலாக் கொதிக்குதே! வெண்ணெய் தடவட்டுமாங்க?" என்று தையல் பதறினாள்.

"வெண்ணெய் கூடாது அம்மா, சூடு உள்ளேயே தங்கிவிடும். ஈரத்துணி, கற்றாழை, குடிக்க நிறையத் தண்ணீர்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மேனிக்காவலனின் விளக்கு சிவப்பாக எரிந்தது. "ஐயாவுக்கு இது எப்படி வந்தது?"

தையல் முந்திக்கொண்டாள். "அடுப்புல சுட்டுக்கிட்டாரு."

இயந்திரம் பதிவுகளைப் புரட்டியது. "திருமணமான நாளிலிருந்து ஐயா சமையலறைக்குள் போனதாகவே பதிவு இல்லையே, அம்மா."

சோம்பேறித்தனம் இப்படியா காட்டிக்கொடுக்கும்!

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சாரு" என்றாள் தையல் கூசாமல். "இனிமே தெனமும் அவருதான் சமையல். வேணும்னா நீயே பார்த்துக்க."

"மகிழ்ச்சி. தினமும் பார்க்கிறேன். ஐயா ஒரு நாள் தவறினாலும் இந்தக் கையைப் பற்றி மறுபடி விசாரிக்க நேரும்." விளக்கு பச்சையானது.

கைக்குக் கற்றாழை தடவி, ஈரத்துணி சுற்றி, அந்தி சாய்ந்ததும் அவனை அடுப்படியில் நிறுத்தினாள். இடது கையால் பொரித்தான். முதல் வடாம் கருகியது; அடுத்தது பூவாக விரிந்தது. தையல் நொறுக்கென்று கடித்தாள். தட்டையே காலி செய்தாள். பிறகு இருவரும் பயந்துகொண்டே காத்திருந்தார்கள். வாந்தி வரவில்லை. பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வயித்துல தங்கிடுச்சுங்க" என்றாள் அவள், அவன் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டபடி. "நாளைக்கு என்ன கொழம்பு?"

வாசலில் மேனிக்காவலன் ஆவலோடு திரும்பிப் பார்த்தது.