இரண்டாயிரம் அடியில் பாவசங்கீர்த்தனம்

தட்... தட்... தடதட...

தாடிக்கொம்புக்கு மேலே, இரண்டாயிரம் அடி உயரத்தில் இன்ஜின் இருமியது. குட்டி விமானம் உடம்பெல்லாம் உதறியது!

மல்லிகை மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த மரியராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாதா தேர்ப்பவனி மேல் பூத்தூவ வந்தவன். தூவ வசதியாக அவன் பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்திருந்தான், விமானத்தை ஓட்டும் அக்கா புருஷன் ஸ்டீபன்ராஜ்.

வேறு வசதிக்கும்தான்!

"என்ன மச்சான், இப்புடி ஆட்டுது?"

"செத்த நேரம் இரு மாப்ள. பாக்குறேன்."

பார்ப்பது போல நடித்தான். பெட்ரோல் முள்ளைத் தட்டினான். லிவரை இழுத்தான். உதட்டைப் பிதுக்கினான்.

கோளாறே அவன் கைவேலை. இன்ஜினுக்குத் தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோ. காலையில் இடது மேக்னெட்டோவின் பிளக் ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தான். இரண்டும் சேர்ந்து ஓடினால் வெளியே தெரியாது. சாவியை இடதுக்கு மட்டும் திருப்பினால் உதறல். பழையபடி திருப்பினால் சமத்து!

எதற்கு இந்தக் கூத்து?

போன கோடையில் மனைவி வினோலியாவைத் தோட்டத்துக் கிணற்றில் தள்ளினான். வழுக்கி விழுந்தாள் என்று ஊர் நம்பியது. இந்த மச்சினன் பார்வைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. சரியான பக்திமான், சாகும்போது பொய் சொல்ல மாட்டான். பார்த்தானா, யாரிடமாவது சொன்னானா... தெரிந்தாக வேண்டும். அடுத்துக் கட்டிக்கொள்ளப் போகும் ரீனா வேறு கல்யாணப் புடவை எடுத்துவிட்டாள்!

"மாப்ள... ரெண்டு மேக்னெட்டோவும் போச்சு. பொழைக்க மாட்டோம். மனசுல இருக்கிறத இறக்கி வச்சிரு."

மரியராஜ் ஜெபமாலை சுற்றிய கையால் தன் பக்கத்து ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தான். கண்ணை மூடி, பாவங்களுக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னான். அதுவரை ஹெட்போனில் கரகரத்துக்கொண்டிருந்த மதுரை விமான நிலைய டவர்கூட அடங்கிப்போனது. அந்த அமைதி ஸ்டீபன்ராஜுக்குப் பிடித்திருந்தது.

"நான் பாத்தேன் மச்சான். அக்காவ நீங்க தள்ளுனத."

"யார்ட்ட சொன்ன?"

"ஃபாதர்ட்ட மட்டும். பாவசங்கீர்த்தனத்துல. பயத்துல வேற யார்ட்டயும் வாய் தெறக்கல."

அப்பாடா! பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்த ஃபாதரும் வெளியே சொல்ல மாட்டார்.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் சீராக உறுமியது.

"ஆமாடா, நான்தான் தள்ளுனேன். படியப் பிடிச்சா. விரல மிதிச்சேன். தம்பி, தம்பின்னு ஒன்னையத்தான் கூப்பிட்டா. நீ ஒளிஞ்சு நின்னியாக்கும்?" சிரித்தபடி மரியராஜின் பெல்ட்டை அவிழ்த்தான். "போ. அக்காவக் கேட்டதாச் சொல்லு."

தள்ளக் கை நீண்டது...

மரியராஜ் மெல்லக் கட்டைவிரலை எடுத்தான். ஸ்டீயரிங்கில் இருந்த சிவப்புப் பட்டனிலிருந்து! அதை அமுக்கினால் பேசுவதெல்லாம் டவருக்குக் கேட்கும், டவர் பேசுவது இங்கே கேட்காது, தொடாதே என்று ஏறும்போது எச்சரித்தவனே ஸ்டீபன்ராஜ்தான்.

ஹெட்போன் சீறியது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்களாம். பதிவும் செய்தார்களாம். மரியராஜ் உயிரோடு மதுரையில் இறங்க வேண்டுமாம். ஓடுபாதைக்குப் போலீஸ் வந்துகொண்டிருக்கிறதாம்.

நீண்ட கை அந்தரத்திலேயே நின்றது.

"சாகப் போறோம்னு நீங்கதான சொன்னீங்க. யாராச்சும் கேக்கட்டும்னு அமுக்குனேன்." மரியராஜ் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஃபாதர்ட்ட சொன்னா வெளிய வராது மச்சான். டவர்ல அந்தப் பழக்கம் இல்லையாம்."