பொன்னி புதைத்தது என்ன?

வெள்ளிச் சிமிழின் மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. உள்ளே இருக்கவேண்டிய வைர மூக்குத்திதான் இல்லை.

2001, ஐப்பசி மாதத்துப் பௌர்ணமி, வியாழக்கிழமை காலை. திருவண்ணாமலைக்கு வெளியே வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் எழும்பியிருந்த புது வீடுகளில் ஒன்றின் பூஜை அலமாரி முன்னால், காலிச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் பலராமன். கடற்படையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சந்திரம்மாள் போன வருஷம் கண்மூடும் முன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய மூக்குத்தி உண்ணாமுலை அம்மனுக்குப் போய்ச் சேரவேண்டும். நாளை வெள்ளிக்கிழமை அதைக் கோயிலில் கொடுப்பதாக ஏற்பாடு.

"மாமா, போலீசுக்குச் சொல்லிடலாம்," என்றான் செழியன். சந்திரம்மாளின் அண்ணன் மகன். வேலை தேடிக்கொண்டு இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறான்.

"வீட்டு விஷயம்டா. தேடிப் பார்க்கலாம்."

"தேடினா கிடைக்காது. காலையில பொன்னி அக்கம் பக்கம் பார்த்துட்டு, துளசி மாடத்துல என்னமோ புதைச்சா. என் கண்ணால பார்த்தேன்."

முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பொன்னியின் கை நின்றுவிட்டது. செழியன் அதை மெதுவாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அங்கிருந்து யாரோ போன் செய்திருக்கவேண்டும், ஒன்பதரை மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஆதிலட்சுமி இறங்கினாள். நெற்றியில் சின்னக் கீற்றாகத் திருநீறு, அதற்கு மேல் தொப்பி. பின்னாலேயே ஏட்டு அப்பாசாமி.

"கிரிவல பந்தோபஸ்து தலைக்கு மேல கிடக்குது மேடம். இது அரை மணி நேர வேலைதான். வேலைக்காரம்மாவை ஜீப்புல ஏத்தினா கக்கிடும்," என்றார் அப்பாசாமி.

"ஏத்துறதுக்கு முன்னாடி கேப்போம் ஏட்டய்யா. ஏத்தின பிறகு கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்."

முதலில் பலராமன்.

"மூக்குத்தியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம். கோயில் குருக்கள் உமாமகேஸ்வரன் வந்திருந்தாரு. அவர்கிட்ட காட்டிட்டு அலமாரியிலேயே வெச்சேன்."

"அலமாரிக்குப் பூட்டு?"

"சாமி அலமாரிக்கு எதுக்குங்க பூட்டு?"

"ராத்திரி வீட்டுல?"

"நானும் செழியனும். கதவு உள்தாழ்ப்பாள். காலையில பொன்னி வந்ததும் நான்தான் திறந்தேன்."

கூடத்தை ஒட்டிய சின்ன அறையைப் பார்த்தாள் ஆதிலட்சுமி. ஒரு மேஜை. அதன்மேல் அரம், சின்னக் கத்தி, பசை பாட்டில், உப்புத்தாள், கறுப்பு பெயிண்ட் டப்பா. காலியான அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அலைகளுக்கு அடியில் போகும் ஒரு குட்டிக் கப்பலின் படம்.

"இது என்னங்க?"

பலராமனின் முகம் அந்த நிலையிலும் கொஞ்சம் மலர்ந்தது. "நீர்மூழ்கி பொம்மை. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் கட்டினது. உள்ள ரெண்டே பேர்தான் போக முடியும். சிங்கப்பூர்ல இருந்து நண்பர் அனுப்பினாரு. துண்டு துண்டா வரும், நாம ஒட்டணும். மூணு மாசமா ஒட்டினேன்."

"மூணு மாசமா!"

"இதே மாதிரி மூணு நீர்மூழ்கி சிட்னி துறைமுகத்துக்குள்ள போச்சு. ரெண்டு அங்கேயே சிக்கிடுச்சு. அதுல செத்தவங்களுக்கு எதிரிங்களே மரியாதை செஞ்சு தகனம் பண்ணாங்க. மூணாவது திரும்பி வரவே இல்லை. இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை. அதுல இருந்த ரெண்டு பேருக்குக் காரியம் செய்ய உடம்புகூட இல்லை. நான் செய்யறது அந்த மூணாவதை. கடல்ல வேலை பார்த்தவனுக்கு அது என்னமோ மனசுல நிக்குது."

"முடிஞ்சுதா?"

"ஞாயித்துக்கிழமை உடம்போட ரெண்டு பாதியையும் ஒட்டி மூடினேன். திங்கட்கிழமை பெயிண்ட். செவ்வாய்க்கிழமையே தொட்டுப் பார்த்தேன், கையில ஒட்டலை. சென்னையில ஓய்வுபெற்ற கடற்படைக்காரங்க கண்காட்சி நடக்குது. மத்தியானம் செழியன் எடுத்துட்டுப் போறான்."

செழியன் கேட்காமலேயே தன் பையைத் திறந்து கொட்டினான்.

"என்னையும் சோதனை போடுங்க மேடம். எனக்கு மடியில கனமில்லை. பஸ்சுல கூட்டம் ஏறிடும், அதுக்குள்ள கிளம்பணும்."

சட்டை, சீப்பு, துண்டு. வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அப்பாசாமி மூடியைத் தூக்கினார். உள்ளே முழங்கை நீளத்தில் கன்னங்கரேலென்று நீர்மூழ்கி படுத்திருந்தது.

"அடடா, சுறா மீன் கணக்கா இருக்குதே!" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார், பெயிண்ட் ஒட்டிக்கும்."

அப்பாசாமி கையை இழுத்துக்கொண்டார். ஆதிலட்சுமி ஒரு கணம் செழியனைப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்குப் போனாள்.

பொன்னி சுவரோரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"எத்தனை வருஷமா இங்க வேலை?"

"இந்த வீடு கட்டின நாள்ல இருந்துங்க."

"காலையில துளசி மாடத்துல என்ன புதைச்சே?"

"புதைக்கலைங்க. போட்டேன்."

"எதை?"

"திருநீறுங்க."

அப்பாசாமி சிரித்தார். "நல்லா இருக்குது கதை! திருநீறை நெத்தியில போடுவாங்க. மண்ணுல யாராச்சும் போடுவாங்களா?"

"கீழ கிடந்துச்சுங்க. ஐயா பொம்மை ஒட்டுற ரூம்ல, மேஜைக்கு அடியில. பெருக்கப் போனப்ப பார்த்தேன். வாசனையில திருநீறுன்னு தெரிஞ்சுது. அது மேல துடைப்பம் படலாமா? கையால வழிச்சு எடுத்து, கால் படாத இடமா துளசி மாடத்துல போட்டு லேசா மண்ணைத் தள்ளினேன். அவ்ளோதாங்க."

"அப்போ ஏன் அக்கம் பக்கம் பார்த்தியாம்?"

"ஐயா பார்த்தா, சாமி பொருளைச் சிந்தினது யாருன்னு வருத்தப்படுவாரேன்னு."

அப்பாசாமி மாடத்து மண்ணைக் கிளறினார். மூக்குத்தி இல்லை. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் மட்டும் மண்ணோடு கலந்து கிடந்தது. ஆதிலட்சுமி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். கோயில் வாசனை.

"வேற இடத்துல மறைச்சிருக்கும் மேடம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா..."

பொன்னி சட்டென்று கைகூப்பினாள். "அம்மா, என்னை என்ன வேணா கேளுங்க. ஜீப்புல மட்டும் ஏத்தாதீங்க. நாளைக்கு எம்பொண்ணு அஞ்சலைக்குப் பூ வைக்க வர்றாங்க, கீழ்பென்னாத்தூர்ல இருந்து. அம்மாவைப் போலீசு புடிச்சுட்டுப் போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசப்படியை மிதிப்பாங்களா?"

ஆதிலட்சுமி பூஜை அலமாரிக்குத் திரும்பினாள். சலவைக்கல் கிண்ணத்தில் திருநீறு விளிம்புவரை, மேற்பரப்பு கலையாமல் இருந்தது. அலமாரி ஒரு மூலை. பொம்மை அறை எதிர் மூலை. நடுவில் கூடத்துத் தரையில் ஒரு பொட்டுத் தூள் இல்லை.

"அப்படின்னா குருக்கள்தான்," என்று காதோரம் சொன்னார் அப்பாசாமி. "உடம்பெல்லாம் பட்டை பட்டையா பூசுறவரு. அவர் குனிஞ்ச இடத்துல உதிரும். நேத்து வந்திருக்காரு, பொருளையும் பார்த்திருக்காரு."

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உமாமகேஸ்வர குருக்களே உள்ளே வந்தார். செய்தி கோயில் வரைக்கும் போயிருந்தது.

"நேத்து அந்தச் சின்ன அறைக்குள்ள போனீங்களா சாமி?" ஆதிலட்சுமி கேட்டாள்.

"நானா? அந்தப் பசை நாத்தம் எனக்கு ஆகாதும்மா. தலையைச் சுத்தும். கூடத்தோட சரி. பலராமனையே கேளுங்கோ."

பலராமன் ஆமென்று தலையசைத்தார்.

"அந்த அறையில தரையில திருநீறு கிடந்திருக்கு."

குருக்கள் புருவத்தைச் சுருக்கினார். "திருநீறா? நான் அவருக்குக் கொடுத்தது போன ஞாயித்துக்கிழமை. ரெண்டு பொட்டலம் தனித்தனியா வேணும்னார். யாருக்குன்னு கேட்டேன். ஜப்பான்காரனுக்குன்னார்! இவருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேன். விஷயத்தைச் சொன்னப்புறம் சன்னதியில வெச்சுத்தான் கொடுத்தேன்."

ஆதிலட்சுமி மெல்லப் பலராமன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரெண்டு பொட்டலத்தை என்ன செஞ்சீங்க?"

அவர் கூச்சத்தோடு தரையைப் பார்த்தார். "சிரிக்காதீங்க. அந்த மூணாவது கப்பல்காரங்க ரெண்டு பேருக்கும் ஒரு பிடி சாம்பல்கூட ஊர் போய்ச் சேரலை. மூடறதுக்கு முன்னாடி, உள்ள அவங்க உக்காருற இடத்துல ஆளுக்கு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டினேன். அப்புறம் ஒட்டிட்டேன்."

"யாருக்குத் தெரியும்?"

"குருக்களுக்கு மட்டும். அன்னிக்கு வீட்டுல வேற யாரும் இல்லை. செழியன் போளூர் போயிருந்தான்."

தூரத்தில் கிரிவலம் போகிறவர்களின் அரோகரா சத்தம்.

"அந்தப் பெட்டியைக் கொண்டாங்க ஏட்டய்யா."

"மேடம், பஸ்சுக்கு நேரமாச்சு..." செழியன் முன்னால் வந்தான்.

"அடுத்த பஸ் இருக்குது தம்பி."

அவள் மூடியைத் திறந்து, நீர்மூழ்கியின் முதுகைத் தொட்டாள்; விரல் சுத்தமாக வந்தது. பிறகு அடிவயிற்றில் விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனியில் கறுப்பு.

"திங்கட்கிழமை அடிச்ச பெயிண்ட். செவ்வாய்க்கிழமையே காஞ்சது. வியாழக்கிழமை எப்படி ஒட்டுது? மேல தொட்டா ஒட்டலை. அடியில மட்டும் ஒட்டுது. ஒட்டும்னு யாரும் கேட்காமலே சொன்னது யாரு?"

அவள் பெட்டியைப் பலராமன் பக்கம் நகர்த்தினாள்.

"ஐயா, உங்க கப்பல். நீங்களே திறங்க."

பலராமன் மேஜையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து வந்தார். கத்தியின் நுனியை அடிப்பக்க ஒட்டில் வைத்து இழுத்தார். மூன்று மாத உழைப்பு டப்பென்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே திருநீறு ஏறக்குறைய இல்லை. இயந்திரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பஞ்சுருண்டை. அதைப் பிரித்தார். சந்திரம்மாளின் மூக்குத்தி காலை வெளிச்சத்தில் மின்னியது.

ஆதிலட்சுமி விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அடைச்சு மூடின கப்பல்ல இருந்த திருநீறு இன்னிக்குக் காலையில தரையில கிடந்திருக்கு. அப்போ நேத்து ராத்திரி யாரோ அதைத் திறந்திருக்காங்க. ஐயா திறந்திருந்தா அதைத் தரையில விடுவாரா? குருக்கள் அந்த அறைக்கே போகலை. பொன்னியக்கா வந்தது விடிஞ்ச பிறகு. அவங்க கை பெயிண்டும் பசையும் பழகாத கை. திறந்தவனுக்கு உள்ள திருநீறு இருக்கிறதே தெரியாது. கொட்டினது உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச தூள்னு நினைச்சான். மேஜையைத் துடைச்சவன் கீழே பார்க்கலை. வீட்டுல எல்லாரையும் சோதனை போடுவோம். ஆனா மாமா ஆசையா செஞ்ச பொம்மையை யாரு பிளந்து பார்க்கப் போறாங்க? அதோட கௌரவமா சென்னைக்குப் போயிடலாம். இல்லையா செழியன்?"

செழியன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "அது எங்க வீட்டு நகை. எங்க தாத்தா அத்தைக்குப் போட்டது. எங்களுக்கு ஒண்ணுமில்லாம அதைக் கோயில்ல குடுக்கிறாங்க..."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா," என்றார் பலராமன். "உங்க அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உனக்கே குடுத்திருப்பேன். நீ எடுத்ததைவிட, இந்த அம்மா மேல பழியைப் போட்டே பாரு, அதைத்தான் தாங்க முடியலை."

ஆதிலட்சுமி அவரைப் பார்த்தாள். "புகார் எழுதிக் குடுக்கிறீங்களா?"

அவர் பொன்னியைப் பார்த்தார். "அது என் கையில இல்லைங்க. பொன்னி சொல்லட்டும்."

பொன்னி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தம்பி தெருவுக்குக் கேக்குறாப்புல சொன்னாரு. தெருவுக்குக் கேக்குறாப்புல இல்லைன்னு சொல்லட்டும். போதுங்க."

செழியன் வாசலுக்குப் போய் நின்றான். திறந்த ஜன்னல்களைப் பார்த்துச் சொன்னான். "எடுத்தது நான்தான். பொன்னியக்கா எடுக்கலை." குரல் உடைந்தது. எதிர்வீட்டு ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது.

பழிச்சொல் ஆட்டோவைவிட வேகமாக ஊர் போய்ச் சேரும். அதை மறுத்துச் சொன்ன சொல் நடந்துதான் வரும். ஆதிலட்சுமிக்கு அது தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். பொன்னியின் ஓட்டுவீட்டில் பாய் விரித்திருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள், தட்டைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ கேள்விப்பட்டோம். நீ வேலை செய்யற வீட்டுக்கு நேத்து போலீசு வந்துச்சாமே?"

பொன்னி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

வாசலில் நிழல் ஆடியது. பச்சைப் புடவை, கையில் மல்லிகைப் பந்து, மறு கையில் பழத்தட்டு.

"ஆமாங்க, வந்தது நான்தான்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து ராஜம்மாள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள் ஆதிலட்சுமி. "சப்-இன்ஸ்பெக்டர். ஒரு திருட்டை இந்த அக்காதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. கீழ கிடந்த திருநீறு மேல துடைப்பம் படக்கூடாதுன்னு நினைச்ச மனசு. அது மட்டும் இல்லைன்னா அம்மன் மூக்குத்தி சென்னைக்குப் போயிருக்கும். இன்னிக்குக் காலையில சன்னதியில சேர்த்தாச்சு. பொண்ணைப் பார்க்கலாம்னு வந்தேன். இந்த அம்மா வளர்த்த பொண்ணு எப்படி இருக்கும்னு."

ராஜம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மடியிலிருந்த தட்டைப் பாயில் வைத்தாள்.

"அப்புறம் என்ன? பொண்ணை வரச்சொல்லு பொன்னி. பூ வாடிடப் போவுது."

அதே நேரம் வேங்கிக்கால் வீட்டின் சின்ன அறையில் பலராமன் மறுபடியும் பசை பாட்டிலைத் திறந்திருந்தார். பிளந்த கப்பலின் உள்ளே இரண்டு சின்ன இடங்கள். குருக்களிடம் புதிதாக வாங்கி வந்த இரண்டு திருநீற்றுப் பொட்டலங்களில் முதலாவதை அவரே பிரித்துக் கொட்டினார். இரண்டாவதைப் பிரிக்காமல் மேஜையில் வைத்தார்.

நாளைக் காலை பொன்னி வருவாள். அதை அவள் கையால் போடட்டும். மூடுவதற்கு அவசரமில்லை.