அறுபத்தொன்பது ஜி.பி.யைக் காணோம்

ட்ரிங்... ட்ரிங்...

மேஜை மேல் இருந்த இண்டர்காம் அலறியது.

எழில்மதி எடுத்தாள்.

"எழிலு... ஒக்காந்த எடத்துலயே இரு. எதையும் தொடாத."

ஸ்டோர்கீப்பர் சிங்காரவேல். வழக்கமாக ஏப்பத்தோடு வரும் குரல் இன்று நடுங்கிக்கொண்டு வந்தது.

"என்னாண்ணே ஆச்சு?"

"திருட்டு. செக்யூரிட்டி ஆபீசர இட்டுகினு வர்றேன்."

"எது திருடு போச்சு?"

"அத நீதான் சொல்லணும்."

டொக்... லைன் கட்டானது.

எழில்மதி ரிசீவரை வைத்துவிட்டுக் கதவையே பார்த்தாள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு லாரி விடும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். லாரிகளைப் படம் பிடிக்கும் கேமராக்களின் பதிவை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிப் பத்திரமாக வைப்பது வேலை. நான்கு வருடமாகத் தினக்கூலி. வருகிற திங்கட்கிழமை பெர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். அதில் அவள் பெயர் இருக்கிறது. திருட்டு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும்... லிஸ்ட்டும் போச்சு, இருக்கிற கூலியும் போச்சு.

கதவு படாரென்று திறந்தது.

முன்னால் சிங்காரவேல். பின்னால் செக்யூரிட்டி ஆபீசர் வேணு.

வேணுவைப் பற்றி ஒரு வார்த்தை. எடை மேடையில் இருபத்திரண்டு வருடம் கரி லாரிகளை எடை போட்டவர். ரிட்டயரானதும் கம்பெனி கூப்பிட்டுத் தொப்பி மாட்டிவிட்டது. அவர் நம்புவது உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று வில்லுடையான்பட்டு முருகன். இன்னொன்று தராசு.

"இதாங்க சார் அந்த டிஸ்க்கு," என்றார் சிங்காரவேல். "பெட்டி மேல ஆயிரம் ஜி.பி.ன்னு போட்டுருக்கு. நேத்து சாயங்காலம் புதுசா, சீலோட குடுத்தேன். காலைல ஸ்கிரீன்ல பாத்தா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. மீதி எங்க சார்?"

வேணு திரையை மூக்கு முட்டப் பார்த்தார்.

931.

"ஏம்மா... அறுபத்தொன்பத எங்க வச்சிருக்க?"

"சார், இத காலைல அண்ணனுக்குக் காட்டுனதே நான்தான். கேபிள் மாத்திப் பாத்தேன். வேற மிஷின்ல போட்டுப் பாத்தேன். ஒளிஞ்சிகினு இருக்கிற எடம் எதுனா இருக்கான்னும் பாத்துட்டேன். டிஸ்க்கு நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்பறம் எப்படிம்மா கொறையும்?"

"கொறையவே இல்ல சார். பெட்டியில எழுதறவன் ஆயிரம் ஆயிரமா கட்டு போட்றான். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்து நாலு வச்சு கட்டு போடுது. கட்டு பெருசானா எண்ணிக்கை கொறையும் இல்ல? சரக்கு அதேதான்."

வேணு யோசித்தார். நெற்றியில் மூன்று கோடு விழுந்தது.

"அந்த இருபத்து நாலு எக்ஸ்ட்ராவ கம்ப்யூட்டருக்கு யாரு குடுத்தா?"

எழில்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா சார் பேச்ச?" சிங்காரவேல் இடையில் புகுந்தார். "அறுபத்தொன்பத எடுத்தவ முழு டிஸ்க்க எடுக்க மாட்டாளா? ஸ்டோர்ல இன்னும் நாப்பது கெடக்குது. நாளைக்கு சென்னையிலேந்து ஆடிட்டு. இந்தத் தடவ பெட்டியப் பிரிச்சுப் பாப்பாங்களாம். எதுனா கொறைஞ்சா நான் பொறுப்பில்ல, இப்பவே எழுதிக்குங்க."

"ஸ்டோர் சாவி உங்க இடுப்புலதான இருக்குதுண்ணே?"

"போன மாசம் பேப்பர் எடுக்க உங்கையில குடுத்தனா இல்லியா?"

கொடுத்திருந்தார். அதுவும் இரண்டு முறை. ஏன் கொடுத்தார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஸ்டேஷனுக்குப் போன் போட்ருவம் சார்."

"இரு சிங்காரம்." வேணு கையை உயர்த்தினார். "அத்தாட்சி இல்லாம போனா சிரிப்பாங்க. மொதல்ல எடை போடு."

"எதை சார்?"

"டிஸ்க்கத்தான். சரக்கு போச்சுன்னா எடை கொறையணும். ஸ்டோர்லேந்து பிரிக்காத பெட்டி ஒண்ணு எடு. இதையும் பெட்டியில போடு. ரெண்டையும் தராசுல வச்சா உண்மை தெரிஞ்சிடும்."

எழில்மதி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஜி.பி.க்கு ஏது எடை? ஐந்து கிராம் முன்னே பின்னே காட்டினால் அதுவே சாட்சியாகிவிடுமே... நான்கு வருட உழைப்பு, நட்டு போல்ட்டு நிறுத்துகிற தராசில் போய் நிற்கிறதே.

ஆனால் வேர்த்தது அவளுக்கு இல்லை.

"எதுக்கு சார்... வாரண்டி போயிடும்," என்றார் சிங்காரவேல்.

"தூக்கி வைக்கத்தான போறேன்? பிரிக்கவா போறேன்?"

"தராசு ரிப்பேரு சார்."

"காலைல நட்டு நிறுத்திகினு இருந்தியே."

"இப்ப... கரண்ட் இல்ல சார்."

தலைக்கு மேல் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

ஸ்டோர்.

'திருடு போன' டிஸ்க்கைப் பெட்டியோடு தராசில் வைத்தார் வேணு.

612 கிராம்.

அடுத்து, அலமாரியிலிருந்து டேப் பிரிக்காத பெட்டி.

408 கிராம்.

வேணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொரு பெட்டி வைத்தார். 395. இன்னொன்று. 417.

"ஏம்மா... திருடு போனது கனமா இருக்கு. முழுசா இருக்கிறது லேசா இருக்கு?"

எழில்மதி சிங்காரவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் வாசல் பக்கம் போயிருந்தது.

"சும்மா கெடந்தே எடை கொறையிற சரக்கு..." வேணு முணுமுணுத்தார். "என் சர்வீஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் பாத்திருக்கேன்."

பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். சர்ரென்று டேப்பைக் கிழித்தார்.

உள்ளே...

காய்ந்து, வெடித்து, பொடி உதிர்ந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி!

சிங்காரவேல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எத்தினி சிங்காரம்?"

"முப்பத்தாறு சார்... விருத்தாசலத்துல ஒரு கடைக்கு..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க வருஷா வருஷம் பெட்டிய எடை போட்டுத்தான சார் சரி பாப்பீங்க? கிராம் பிசகாம நிறுத்து வச்சேன் சார். போன மாசம் தூக்குனா லேசா இருக்கு, ஏன்னே தெரியல."

"எப்ப வச்ச?"

"ஐப்பசியில."

"மழையில ஊறுன கரி. இப்ப சித்திரை. நம்மூரு கரியில பாதி தண்ணிடா. நெய்வேலியில பொறந்துட்டு இதுகூடவா தெரியாது?" வேணுவுக்குத் திருட்டைவிட இதுதான் வலித்தது.

எழில்மதி குனிந்து சிங்காரவேலின் முகத்தைப் பார்த்தாள். பயம் போன இடத்தில் கோபம் வந்திருந்தது.

"கூலிக்காரிதான, கேக்க நாதியில்லன்னு என் தலையில கட்டப் பாத்தீங்களேண்ணே. உங்களுக்கு டீ வாங்கியாந்து குடுத்திருக்கேன் நான்."

சிங்காரவேல் இடுப்பிலிருந்த ஸ்டோர் சாவியை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

அரை மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. வேணு மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். நான்காவது வரியில் பேனா நின்றது.

"ஏம்மா, எல்லாம் சரி. இத நான் முடிச்சுக் குடுத்தாதான் லிஸ்ட்டுல உம்பேரு நிக்கும். ஆனா ஒண்ணு இடிக்குது."

"என்ன சார்?"

"அந்த அறுபத்தொன்பது ஜி.பி. எங்க?"

எழில்மதி வாயைத் திறந்தாள். ஆயிரத்து இருபத்து நாலு என்று ஆரம்பிக்கப் போனாள். வேணுவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

பிறகு சொன்னாள்.

"ஈரம் சார். காஞ்சிடுச்சு."

வேணுவின் முகம் மலர்ந்தது. மடமடவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? நூத்துக்கு ஏழுதான... கரி லாரிக்கே ஈரத்துக்குன்னு பத்து வரைக்கும் விடுவேன்!"