பார்த்தால் கடிக்காத மீன்

பல் விளக்கி முடித்ததும் ரெமிஜியுஸ் தம் இடது கண்ணைக் கழற்றினார். உப்பு நீரில் ஒருமுறை அலசி, வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். சட்டை நுனியால் துடைக்கக் கூடாது என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது; ஆனால் கண்ணைக் கழற்றிய கையோடு யார் கையேடு படிக்கிறார்கள்? பிறகு அதைத் தூண்டில் நரம்பில் கட்டி, படகின் பின்பக்கமாகக் கடலுக்குள் இறக்கினார். ஆழ்மதி நிலவில் மிச்சமிருந்த தூண்டில்காரர்கள் எல்லோரும் அந்நேரம் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

தொழில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துப் போக வேண்டும். அடியில் ஈயக்குண்டு, அதையடுத்துப் பளபளப்பான தகட்டில் செய்த பொய்யிரை. அடிபட்ட சின்ன மீன் துடிப்பதுபோல் அது சுழன்றுகொண்டே வரும். அதற்கு ஒரு கை நீளம் பின்னால் கண். நரம்புக்குள் ஓடும் கண்ணாடி இழை வழியாகக் கண் காண்பதெல்லாம் மேலேறி வந்து ரெமிஜியுஸின் மண்டைக்குள் இறங்கும். வலது கண்ணில் வானம், இடது கண்ணில் பச்சை இருட்டு. ஆரம்பத்தில் வாந்தியாக எடுத்தார். போகப் போக, வலது கண்ணால் மனைவி காப்பி ஆற்றுவதையும் இடது கண்ணால் சால்மன் மீன் செவுள் அசைப்பதையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகிவிட்டார். ஓரிரு முறை ஆள் மாறிக் குழம்பியதுண்டு. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

இந்த நிலவின் கடலுக்கு ஆள் தேவைப்பட்டபோது, கடல் தெரிந்தவர்கள் என்று தூத்துக்குடிக் கரையிலிருந்துதான் அந்தக் காலத்தில் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் சீலா மீன் கேட்டார்கள். மீன் முட்டைகளைத் தேர்ந்தெடுத்த அதிகாரி குளிர்நாட்டில் படித்தவர். சால்மன் வந்தது.

முன்பெல்லாம் சாதாரண நீரடிக் கேமராக்கள்தான் இருந்தன. மீன் எப்படி வருகிறது, எந்த நிறத்துக்கு மயங்குகிறது என்று பார்த்துப் பொய்யிரையைத் திருத்திக்கொள்வார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எந்தக் காட்சியையும் இயந்திரத்திடம் சொல்லிச் செய்து வாங்கிக்கொள்ளும் காலம் வந்தது. ஒரு வருடம், காட்சிகளில் பிடிபட்ட மீன்கள் கடலில் இருந்த மீன்களைவிட அதிகமாகிவிட்டன. மெய்மைத் துறை விழித்துக்கொண்டது. உயிருள்ள மனிதரின் மண்டையோடு இணைந்த, முத்திரையிட்ட ‘சாட்சிக்கண்’ கண்டது மட்டுமே நடந்தது; மற்றதெல்லாம் நடக்காதது என்று சட்டம் வந்தது. தூண்டில் நீருக்குள் போவதிலிருந்து மீன் மேலே வருவதுவரை பார்வை அறுபடக் கூடாது. நடுவில் ஒரு நொடி இருண்டாலும் முத்திரை செல்லாது. கடித்ததைக் கண் காணவில்லை என்றால் அந்த மீன் பிடிபடவில்லை.

மீன் வரத்து குறையக் குறைய, துறை கண்ணை இன்னும் கூர்மையாக்கியது, இன்னும் கிட்டே வைக்கச் சொன்னது. வரத்து இன்னும் குறைந்தது. பருவம் முழுக்க ஒரு மீன்கூடக் காட்டாத படகுகளைத் துறை திரும்ப எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கீழே, நிலத்தடியில் பாசி வளர்க்கும் தொட்டி வேலைக்கு அனுப்பியது. ரெமிஜியுஸின் படகு இன்னும் ஒன்றும் காட்டவில்லை. பருவம் இன்று பொழுது சாய்ந்தால் முடிகிறது.

அவருக்குத் தொட்டி வேலை பயமில்லை. பயம் மனைவி ஃபெலிசிட்டாவை நினைத்துத்தான். அவள் தொட்டியிலேயே பிறந்தவள். கையை உயர்த்தினால் தட்டும் கூரைக்கடியில் வளர்ந்தவள். கல்யாணமாகி முதல்முறை படகுத் தளத்துக்கு வந்தபோது, பட்டுச்சேலையோடு மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தவள் விருந்துக்குக்கூட எழுந்து வரமாட்டேன் என்றாள். அவளை மறுபடி அந்தக் கூரைக்கடியில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரே ஒரு மீனின் பிடிவாதம் போதும்.

“வருது,” என்றார் ரெமிஜியுஸ், வலது கண்ணை மூடிக்கொண்டு.

சுக்கானைப் பிடித்திருந்த ஃபெலிசிட்டா மூச்சைப் பிடித்தாள். “பெருசாங்க?”

“நம்ம கஸ்பார் நீளம் இருக்கும்.”

“சோம்பேறித்தனமும் அதே அளவுன்னா கஷ்டம்.”

கஸ்பார் அவளுடைய தம்பி. அக்கா கல்யாணத்துக்கு வந்தவன், விருந்து முடிந்தும் படகைவிட்டு இறங்கவில்லை. பொய்யிரை மாற்றுவதும் கயிறு இழுப்பதும் அவன் பொறுப்பு. “மீனு முன்னால என் மானத்த வாங்காதக்கா,” என்றான்.

“கிட்ட வந்துட்டு... மோந்து பாக்குது... சுத்தி வருது...” ரெமிஜியுஸின் கை தானாக முழங்காலை இறுக்கியது. “கடி தாயி. ஒரே ஒரு கடி. ஒனக்கு என்ன கொறைய வச்சேன்?”

ரெமிஜியுஸ் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

“போயிட்டு.”

“பொண்ணு பாக்க வாரவனுங்க மாதிரில்லா இருக்கு,” என்றான் கஸ்பார். “சொஜ்ஜியத் தின்னுட்டு, ஊருக்குப் போயி தகவல் சொல்லுதோம்னு எந்திரிச்சுப் போறது.”

“இதுக சொஜ்ஜியும் திங்கலையே மாப்ள.”

கஸ்பார் சும்மா இருக்கவில்லை. கண் கண்ட காட்சிகளைப் படகின் திரையில் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தான். மத்தியானம் போல, தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றான்.

“அத்தான், ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது.”

“கோவம் வாரதையா தேடிப் பிடிச்சுச் சொல்லப்போற? சொல்லு.”

“மீனு ஒண்ணுகூட பொய்யிரையப் பாக்கல. எல்லாம் வருது, வாயத் தொறக்குது, அந்த நேரம் பின்னால பாக்குது. பாத்ததும் வாய மூடிட்டு நேரா ஒங்க மூஞ்சிக்கு வருது. ஒங்களப் பாத்துட்டுத்தான் போகுது.”

“என் மூஞ்சி மேலல்லா இருக்கு?”

“கண்ணு கீழதான இருக்கு. நீங்க பாக்குற பார்வை அப்படி. சாப்பிடுற வாயையே ஒருத்தன் வெறிச்சுப் பாத்தா யாருக்கு எறங்கும்?”

ஃபெலிசிட்டா சிரித்துவிட்டாள். “கொஞ்சம் பாசமாத்தான் பாருங்களேன்.”

“பாசமாத்தான் பாக்கேன்!”

“என்னையே அப்படிப் பாத்ததில்ல. மீன எங்க பாக்கப்போறீங்க?”

ஆனாலும் ரெமிஜியுஸ் முயன்றார். இமையும் புருவமும் இல்லாத கண்ணுக்குப் பாசம் காட்ட வழி கிடையாது என்பது தெரிந்தும், மேலே உட்கார்ந்து கன்னம் வலிக்கப் புன்னகைத்தார். அது பலிக்காமல் போகவே, பார்க்காத மாதிரி பார்த்துப் பார்த்தார். மனத்தை வேறு எதிலாவது வைக்கலாம் என்று ஜெபம் சொன்னார். பழைய கடுப்புகளை நினைத்துப் பார்த்தார். மீன்கள் வந்தன. அவர் கண்ணுக்குள் தலையை நீட்டி, சாவு வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் சற்று நின்றன. போய்விட்டன. எல்லாவற்றையும் அவரால் பார்க்க முடிந்தது. செதிலின் எண்ணெய் மினுக்குவரை தெரிந்தது. பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு இடது கண் திடீரென்று இருண்டது.

“கண்ணு போச்சு!” என்று கத்தினார். “ஏல, இழு! இழு!”

கஸ்பார் பாய்ந்து இழுத்தான். நரம்பு கனத்தது, பாறையில் மாட்டிக்கொண்டது என்றான். மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கஸ்பார் நீளத்தில் ஒரு சால்மன் தளத்தில் வந்து விழுந்து துள்ளியது. வழியை மறித்துக் கிடந்தது.

“அத அங்கிட்டு எடுத்துப் போடு, கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கவிடு!” என்றார் ரெமிஜியுஸ். கஸ்பார் மீனைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணைச் சுற்றியிருந்த கடற்பாசியைப் பிரிக்கத் தொடங்கினான்.

“ஏங்க,” என்றாள் ஃபெலிசிட்டா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. “அது மீனுங்க.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாசியைப் பிரிக்காமல் அப்படியே மறுபடி இறக்கினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நரம்பு துள்ளியது. இன்னொன்று. திரும்ப இறக்கினால் மறுபடியும் ஒன்று. குருட்டுக் கண்ணோடு பின்னால் வந்த பொய்யிரையை, பந்தியில் கடைசி வரிசைக்காரர்களைப் போல் மீன்கள் அடித்துப் பிடித்துக் கவ்வின. பெட்டி நிரம்பியது. கஸ்பார் ஈரத்தளத்தில் வழுக்கி விழும்வரை ஆடினான். விழுந்த பிறகும் கால்கள் ஆடின.

ஃபெலிசிட்டா மட்டும் ஆடவில்லை. “இத யாரு பாத்தா?” என்றாள்.

கஸ்பாரின் கால்கள் நின்றன.

“நாம பாத்தோம்லா,” என்றார் ரெமிஜியுஸ். சொல்லும்போதே வலது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முத்திரை இல்லாத, வெறும் பிறவிக்கண்.

கஸ்பாருக்குத்தான் யோசனை வந்தது. “கல்யாணத்துல போட்டோ விழலன்னா தாலிய இன்னொருக்க கட்டச் சொல்லுவாம்லா? அது மாதிரி மீன இன்னொருக்க கடிக்க வைப்போம்.”

“எனக்கே ரெண்டு தரம் கட்டச் சொன்னான்,” என்றார் ரெமிஜியுஸ்.

“மூணு தரம்,” என்றாள் ஃபெலிசிட்டா.

பாசியைப் பிரித்துக் கண்ணைத் துடைத்து, ஒழுங்காக இறக்கினார்கள். கஸ்பார் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, பெட்டியிலேயே அதிக உயிரோடிருந்த மீனை ஓசைப்படாமல் பொய்யிரைக்குப் பக்கத்தில் நழுவவிட்டான். கண் வழியாக ரெமிஜியுஸ் பார்த்தார். மீன் தடுமாறியது, செவுளை விரித்து மூச்சு வாங்கியது, பொய்யிரைக்கு நேராகத் திரும்பியது. பிறகு சாவகாசமாக அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்று, இப்படியுமா என்பதுபோல் பார்த்துவிட்டு, இருட்டுக்குள் போயிற்று.

பொழுது சாய்ந்தது.

துறைமுகத்தில் மெய்மைத் துறையின் ‘சரிபார்ப்பி’ காத்திருந்தது. மனிதர் உயரத்தில், மரியாதையான எந்திரம். பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தது.

“மீன்கள் மிக நேர்த்தியாக இருக்கின்றன. ஆனால் பிடிபடவில்லை.”

“பிடிபடாமத்தான் பெட்டியில வந்து படுத்திருக்கா?” என்றார் ரெமிஜியுஸ்.

“படுத்திருப்பதை நான் மறுக்கவில்லை. எப்படி வந்தன என்பது தெரியவில்லை.”

“என் வலது கண்ணால பாத்தேங்க. சத்தியமா.”

“சத்தியத்தில் முத்திரை இல்லை ஐயா. வருத்தமாக இருக்கிறது.” வருத்தம் அதன் குரலில் நன்றாகவே பொருத்தப்பட்டிருந்தது.

“அப்ப இந்த மீன என்ன செய்ய?”

“இல்லாத மீனைக் குறித்து விதி எதுவும் இல்லை. தாராளமாக எடுத்துப் போகலாம்,” என்று சொல்லிவிட்டு, பஞ்சு விரித்த ஒரு தட்டை நீட்டியது. மீன் காட்டாமல் பருவம் முடிந்தால் கண் துறையினுடையது. ரெமிஜியுஸ் கழற்றி வைத்தார். படகைக் காலையில் எடுத்துக்கொள்வதாகவும், தொட்டியில் இருவருக்கும் இடம் ஒதுக்கியிருப்பதாகவும், தம்பிக்கும் சேர்த்தே பார்த்திருப்பதாகவும் அது கனிவாகச் சொன்னது.

படகுக்குத் திரும்பியதும் ஃபெலிசிட்டா அடுப்பை மூட்டினாள். இல்லாத மீனுக்கு மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவினாள். எண்ணெயில் போட்டதும் அது இருப்பதைப் போலவே சத்தம் போட்டது, மணத்தது. தலைக்கு மேலே, ஆழ்மதி சுற்றிவரும் தாய்க்கோள் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு செம்மஞ்சளாகத் தொங்கியது. அவள் அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். ரெமிஜியுஸ் அவளைப் பார்க்காமலிருக்க மீனைப் பார்த்தார்.

தட்டுகளில் பரிமாறினாள். மூவரும் கை கழுவி உட்கார்ந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை.

சட்டம் மீனுக்கு மட்டும்தான் வந்தது. பழக்கம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஆழ்மதியில் சாட்சிக்கண் ஒருமுறை பார்க்காமல் யாரும் சோற்றைத் தொடுவதில்லை, குழந்தைக்குப் பெயர் வைப்பதில்லை, பிறந்தநாள் கேக்கை வெட்டுவதில்லை. வீட்டில் அந்தக் கண் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள். இன்று பக்கத்துப் படகுகள் எதுவும் இல்லை. ரெமிஜியுஸின் இடது கண்குழியில் துணி கட்டியிருந்தது.

கஸ்பார் ஒரு துண்டைப் பிய்த்தான். வாய்வரை கொண்டுபோனான். இறக்கி வைத்தான். “சூடா இருக்கு,” என்றான். சூடு ஆறி வெகுநேரமாகியிருந்தது.

“எனக்குப் பசிக்குது,” என்றாள் ஃபெலிசிட்டா. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மென்று முடிக்கும்வரை இரண்டு ஆண்களும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்றார் ரெமிஜியுஸ்.

“நான் சாப்பிட்டதப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எந்தக் கண்ணுல?”

“வலது.”

“அப்ப நான் இன்னும் சாப்பிடல,” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டிலிருந்த பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். வானத்தைப் பார்த்தபடியே தின்றாள். அவள் கண்ணோரம் நனைந்திருந்ததையும் அந்தச் செல்லாத வலது கண் பார்த்தது.

ரெமிஜியுஸ் தம் தட்டில் எஞ்சியிருந்த சின்னத் துண்டை எடுத்தார். அவருக்கும் பசித்தது. உதட்டருகே கொண்டுபோனார். பிறகு, தாம் என்ன செய்கிறோம் என்பது தமக்கே தெரியாமல், வெளிச்சம் படும் பக்கமாக முகத்தைச் சற்றுத் திருப்பி, மீன் துண்டு நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, புன்னகை செய்துகொண்டு, அப்படியே காத்திருந்தார்.