மாரிக்கனிக்குக் கிடைத்த வக்கீல்

காலை மணி அடித்ததும் கைதிகள் குடுவையோடு வரிசையில் நின்றார்கள். சோற்றுக்கு அல்ல, காற்றுக்கு. அன்றைய மூச்சுக்கு வேண்டியதை நிரப்பி மார்பில் மாட்டிவிடுவார்கள். அளவு தாண்டினால் மறுகுடுவை கிடையாது. அதனால் செவ்வாய்ச் சிறையில் யாரும் பெருமூச்சுகூட விடுவதில்லை.

வரிசையில் நின்ற மாரிக்கனிக்கு அன்று விசாரணை. தூத்துக்குடி உப்பளப் போராட்டத்தில் கம்பெனிக் குழாயை உடைத்ததற்கு மூன்று வருடம் போட்டு இங்கே அனுப்பியிருந்தார்கள். மூன்று வருடமும் முடிந்தது, கதவு திறக்கவில்லை. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்றிவரப் பூமியைப்போல ஏறக்குறைய இருமடங்கு காலமாகும். சிறை நிர்வாகம் அந்த வருடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. செவ்வாயோ வெறுவாயோ என்று சும்மாவா சொன்னார்கள்!

ஊரில் அவள் அப்பாவுக்கு நுரையீரல் அரித்துப்போயிருந்தது. ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். "நீ வந்துதாம்ளா எனக்கு வாய்க்கரிசி போடணும்" என்று அவர் பேசி அனுப்பிய செய்தியை மாரிக்கனி தினமும் கேட்டாள். பூமிக்குக் கப்பல் வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் இரு கோள்களும் மறுபடி நெருங்க இரண்டு வருடத்துக்கு மேலாகும்.

ஆட்கொணர்வு மனுப் போடச் சொன்னவள் காவலர் தங்கபுஷ்பம். சட்டவிரோதமாக அடைத்துவைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் பழைய மனு அது. "வக்கீல் இல்லாத வாயி கோர்ட்ல எடுபடாது. அரசாங்கச் செலவுல ஒரு வக்கீலையும் சேர்த்துக் கேளுளா" என்று அவள் சொன்னதுதான் வினை.

மாரிக்கனி நியாயத்தைத் தெளிவாக எழுதினாள். தீர்ப்புச் சொல்லும் எந்திரமான நீதிப்பொறி பதில் அனுப்பியது: மனுதாரர் தெளிவாக எழுதுகிறார், அவருக்கு வக்கீல் தேவையில்லை. சரியென்று அடுத்த மனுவைக் குழப்பி எழுதினாள். மனுவில் சாரமில்லை, வக்கீல் அமர்த்த முகாந்திரமில்லை என்று வந்தது. மூன்றாவது மனுவை நியாயம் பாதி, குழப்பம் பாதியாக எழுதினாள். வக்கீல் கிடைத்தது.

அது புத்தம்புது வாதப்பொறி. பூமியின் நீதிமன்றங்களில் நூறு வருடமாக வக்கீல்கள் பேசிய அத்தனையையும் அதற்குப் புகட்டியிருந்தார்கள். மாரிக்கனி மன்றத்தில் அதைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீதிப்பொறி சுற்றி வளைக்கவில்லை. பூமியில் விதித்த தண்டனையைப் பூமி வருடத்தில்தான் எண்ண வேண்டும். மனுதாரரை இன்றே விடுவிக்கலாம் என்று மன்றம் கருதுகிறது என்றது. மாரிக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. மனுதாரர் தரப்பில் ஏதும் சொல்ல வேண்டுமா என்று கடைசியாகக் கேட்டது.

வாதப்பொறி எழுந்தது. நூறு வருடப் பேச்சிலும் அதிகம் பேசப்பட்டதும், கேட்டவுடன் கிடைத்ததுமான ஒரே வாசகத்தை அது கண்டுபிடித்து வைத்திருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, வழக்குக் கட்டைப் படிக்க அவகாசம் தேவை. வாய்தா கோருகிறேன்."

"ஐயா, எனக்கு வாய்தா வேண்டாம்" என்றாள் மாரிக்கனி. வக்கீல் வைத்துக்கொண்டவர் நேரில் பேச இயலாது என்று அவளுடைய ஒலிவாங்கியை அணைத்தார்கள். அரசுத் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தரப்புக்கு என்றைக்கு இருந்தது? வழக்கு கோடை விடுமுறைக்குப் பிறகு என்று ஒத்திவைக்கப்பட்டது. செவ்வாயில் கோடை மட்டும் பூமிக் கணக்கில் அரை வருடம்.

வெளியே வந்ததும் வாதப்பொறி அவளுக்கு வாழ்த்துச் சொன்னது. முதல் வழக்கிலேயே கேட்டது கிடைத்ததாம்.

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியதைச் சன்னலில் நின்று பார்த்தாள். புழுதி அடங்கும்வரை நகரவில்லை. தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து நின்றாள். அவளால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

"அப்பாவுக்கு என்ன சொல்லி அனுப்பட்டும்ளா?"

மாரிக்கனி குடுவையைப் பற்றிக் கவலைப்படாமல் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எமன்கிட்ட ஒரு வாய்தா வாங்கிக்கிடச் சொல்லுங்கக்கா."

தங்கபுஷ்பம் அதை அனுப்பவில்லை. மனு விசாரணையில் இருக்கிறது என்று மட்டும் அனுப்பினாள்.