ஆபீஸ் நேரத்தில் அடித்த புகை

அஜீசா அந்த மாடிப்படியில் ஏறி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் முட்டி வீக்கம் வடியவில்லை. 2006 ஆகஸ்டு முடிந்த வாரம் அது. கீழ்க்கட்டளையில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்தார்கள்.

அவள் தேடி வந்தது கனகவல்லியை. அரசுத் தணிக்கையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்று, மாடம்பாக்கத்தில் தனியாக இருப்பவர். மனிதர்களை அவ்வளவாக நம்பமாட்டார். பதிவேடுகளை அதைவிடக் குறைவாக நம்புவார்.

அஜீசாவின் கணவன் அமீருதீன், தாம்பரம் பக்கத்து சுகாதார அலுவலகத்தில் கொசுப் புகை இயந்திரம் ஓட்டும் தற்காலிகத் தொழிலாளி. ஆகஸ்டில் புகை அடிக்க அரசு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் டீசலுக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. எல்லாத் தெருவிலும் அடித்ததாகப் பதிவேடு சொன்னது. தெருக்காரர்களோ புகையையே பார்க்கவில்லை என்றார்கள். டீசலை அமீருதீன் விற்றுவிட்டான் என்று அலுவலகத்தில் முடிவு கட்டி, அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

"ஸ்டோர்ல அவருக்கு டீசலே கொடுக்கல அக்கா. தினமும் போய் மெஷினைத் தொடச்சு வெச்சுட்டு வந்தார்" என்றாள் அஜீசா.

அவளை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் சிட்டிபாபு வாசலிலேயே நின்றார். ஓய்வுக்குப் பிறகு கனகவல்லி துப்புத் துலக்கிய வழக்குகளில் எல்லாம் அவராகவே நுழைந்தவர்.

"டீசல் வித்த ஆளு இன்னும் அந்த ஓட்டை சைக்கிள்லயா சுத்திகினு இருப்பாரு? ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேதாசலம்தான் மேடம். ஒவ்வொரு பக்கத்துலயும் அவன் கையெழுத்து கீதாமே."

"கையெழுத்து இருக்கு. அதனாலதான் சந்தேகம். திருடுறவன் தன் கையெழுத்தைப் பக்கத்துக்குப் பக்கம் வெச்சுட்டுப் போவானா?" என்றார் கனகவல்லி.

மூவரும் சுகாதார அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பொறுப்பு டாக்டர் ஜான்சி. பதிவேட்டைக் காட்ட அவருக்கு மனமில்லை. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் மேலிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும், அடுத்த வருடம் குறைத்துக் கொடுக்கும் என்று நீளமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எடுத்துக் கொடுத்தார். வெளியே வராந்தாவில் காய்ச்சல்காரர்கள் தரையில் படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவர் அறைக்குப் போக வேண்டும்.

கனகவல்லி அரை மணி நேரம் பக்கங்களைப் புரட்டினார். ஒரே மாதிரி வரிகள்: தெரு, நேரம், வீட்டுக்காரர்களின் கையெழுத்து. பிறகு வேதாசலத்தைக் கூப்பிட்டு, ஆகஸ்டு பதினைந்தாம் தேதி என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

களப்பணியாளர்களுக்கு அந்த மாதம் விடுமுறையே கிடையாது என்றார் அவர். அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. ஸ்டோர் பூட்டியிருந்ததால் தானே பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் டீசல் வாங்கி வந்தார். காலை ஆறு மணிக்கு அமீருதீன் புகை அடித்தான். பிள்ளைகள் இருமிக்கொண்டே கொடி வணக்கம் சொன்னார்கள்.

கனகவல்லி அமீருதீனையும் வரவழைத்து, எல்லோரையும் டாக்டரின் அறையில் உட்காரச் சொன்னார். ஸ்டோரையும் பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் பக்தவச்சலமும் வந்து உட்கார்ந்தார்.

"பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரை பள்ளிவாசல் தெருவில் புகை அடித்ததாக இருக்கிறது. இருபத்திரண்டு ஆம்பளைங்க வீட்டில் இருந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஜும்மா நேரத்தில்."

அமீருதீன் முதல்முறையாக வாய் திறந்தான். "நானே தொழுகையில இருந்தேன், மேடம்."

"ஆமாம். அந்த வரியை நீங்க எழுதியிருக்க முடியாது. அடுத்தது, கொசுப் புகையை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் அடிப்பாங்க. இந்தப் புத்தகத்தில் எல்லாமே பத்து மணிக்கு மேல், ஐந்தே முக்காலுக்குள். இது தெருவின் நேரம் இல்லை, ஆபீஸ் நேரம். கடைசியாக, பதினைந்தாம் தேதிக்கு நேராக 'அரசு விடுமுறை' என்று எழுதியிருக்கு. அன்னிக்கு வேதாசலம் கையில் கேனோடு நின்றவர். அவர் அப்படி எழுதமாட்டார். அந்த மாதம் விடுமுறை கிடைத்தவர் இங்கே ஒருத்தர்தான், அன்னிக்கு ஸ்டோரைப் பூட்டிட்டுப் போனவர்."

பக்தவச்சலம் மின்விசிறியைப் பார்த்தார். டீசல் பள்ளிக்கரணைத் தண்ணீர் லாரிகளுக்குப் போனதை ஒப்புக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பெரிதாக வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. செலவுக் கணக்கை உடனே அனுப்பச் சொல்லி மேலிடம் தினமும் போன் செய்தது. தான் எழுதிக் கொடுத்ததைத்தான் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் என்றார். வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டு, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்.

கனகவல்லி பதிவேட்டை மூடினார். மாதம் முழுக்க உண்மையில் அடித்த ஒரே புகை ஒரு பெரிய மனிதருக்காக அடித்தது. அது மட்டும்தான் பதிவேட்டில் இல்லை.

டாக்டர் ஜான்சி போலீசுக்கு எழுதி வைத்திருந்த புகாரைக் கிழித்துப் போட்டார். விஷயம் வெளியே போக வேண்டாம் என்றார். பக்தவச்சலத்தை வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிடலாம். அங்கே மருந்துக் கிடங்கில் ஆள் தேவைப்படுகிறதாம். அமீருதீனுக்கு ஒரு ஆணை எழுதினார்.

அஜீசா வாங்கிப் படித்தாள். 'மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார்.'

"இது மன்னிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றாள். "அவர் திருடலைன்னு எழுதுங்க."

டாக்டர் கனகவல்லியைப் பார்த்தார். கனகவல்லி பதிவேட்டை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். டாக்டர் வேறு தாள் எடுத்து, அமீருதீன் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆணைக்கு அலுவலக முத்திரை வேண்டியிருந்தது. அது பக்தவச்சலத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் எழுந்து போய் எடுத்துவந்து, மை சரியாக ஒற்றியிருக்கிறதா என்று பார்த்து, நேராகக் குத்திக் கொடுத்தார்.