பட்டினி போட்ட தட்டு

அல்மாத்தியில் பனிக்காலப் பகலே மங்கல்தான். எங்கள் நுண்ணோக்கி அறையிலோ, கறுப்புத் திரைக்குப் பின்னால், நடுப்பகலிலும் கும்மிருட்டு. அன்று மதியம் உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய முலாம்பழ வாடை.

"தோலெகென், இங்க என்னடா செத்துக் கிடக்கு?"

"நீ போட்ட சென்ட்டா இருக்கும், கம்ஷாத்!" கூட வேலை செய்பவன் திரைக்கு வெளியே நின்று சிரித்தான். "சர்க்கரைக் கட்டி வெச்சிருக்கியா? மயங்கி விழுந்தா நான் தூக்க மாட்டேன்."

அன்று ஒரின்குல் அக்கா இறந்த நாற்பதாம் நாள். எங்கள் ஆய்வகத் தலைவி. யார் வந்தாலும், "வாய் வெச்சிட்டுப் போ" என்று ஒரு துண்டு ரொட்டியாவது தின்ன வைத்துத்தான் அனுப்புவார். பக்கத்து அறையில் அவருக்காகப் படையல். சாப்பிடலாமென்று இன்சுலின் போட்டுக்கொண்டு போனேன். ஆட்டுக்கொழுப்பு வாடை தாங்கவில்லை. எண்ணெய் ரொட்டியைத் தொடாமலே நழுவி வந்துவிட்டேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு உயிருக்கே உலை. சட்டைப்பையில் சர்க்கரைக் கட்டிகள் இருக்கும் தைரியம்தான்.

நுண்ணோக்கிக்கு அடியில், செல் வளர்க்கும் தட்டில் இருந்தவையும் அவருடைய செல்கள்தான். தன் ஈரல் புற்றிலிருந்து அவரே கொடுத்தவை. சர்க்கரை உள்ளே போனால் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் புரதத்தை அவற்றில் வைத்திருந்தோம். அவர் மண்ணுக்குள் போன பிறகும் அவை பெருகிக்கொண்டே இருந்தன.

முந்தின மாலையே சர்க்கரை இல்லாத திரவம் ஊற்றிப் பட்டினி போட்டிருந்தோம். இப்போது ஒளிரக் கூடாது. நீல விளக்கைப் போட்டேன்.

பளீரென்று பச்சை.

என் கை நடுங்கியது. குளிர் வியர்வை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. பைக்குள் கையை விட்டேன்.

கட்டிகள் இல்லை.

சளிபோல ஏதோ விரல்களில் நூல் நூலாக ஒட்டியது. தட்டில் பச்சை இன்னும் கூடியது. என் சர்க்கரையைத் தின்றுவிட்டது அது.

கத்தப் பார்த்தேன், குரல் எழும்பவில்லை. கால் மடங்கி விழுந்தேன். தட்டு என் முகத்தருகே கிடந்தது. தானாக வந்ததா, நான்தான் இழுத்தேனா, தெரியாது.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு.

"பசியோட போகாத, கண்ணு. வாய் வெச்சிட்டுப் போ."

சாக வேண்டும், அல்லது நக்க வேண்டும்.

நக்கினேன்.

வெதுவெதுவென்று, கொழகொழவென்று, தித்திப்பாக. தொண்டையில் இறங்கும்போது நெளிந்தது. சீ!

தோலெகென் திரையை விலக்கியபோது எழுந்து உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் நின்றிருந்தது. காலித் தட்டைப் பார்த்தான்.

"அடிப்பாவி, என்னடி பண்ணின? வாயத் திற!"

நீல விளக்கை என் பக்கம் திருப்பினான். எதிர்க் கண்ணாடியில் நானும் பார்த்தேன். நாக்கு, ஈறு, உள்ளே தொண்டை வரை பச்சை.

அவன் பின்வாங்கினான். "நான்... நான் வீட்டுக்குப் போறேன்."

நான் ஒன்றும் சொல்ல நினைக்கவில்லை. என் வாய் மட்டும் அசைந்தது, அக்காவின் குரலில்.

"இரு, தம்பி. வாய் வெச்சிட்டுப் போ."